மூன்றாவது பார்வை கிடைக்காத விண்மீன்கள்

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன். அப்படிச் செய்தால்தான் எனக்கு மேற்கொண்டு எழுத வரும்.

1. ஐந்து ஆண்டுகளுக்கு முன் நானும் அவளும் ஓசூரில் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்தோம்.
2. ஒரு ஜூன் மாதம் அவள் தன் ஆய்வுக்கான படிவத்தை நிரப்பினாள். அதில் ஒரு கோட்டை எப்படி வரைவது என்று என்னிடம் கேட்டாள். நான் சொன்னபடி வரைந்தாள்.
3. அக்டோபரில் தொலைநோக்கி அவளுடைய விண்மீன்களைப் பார்க்கத் தொடங்கியது.
4. டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, அவளுடைய வேலை முடியப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்தது. படிவத்தைத் திருத்த அடுத்த புதன்கிழமை வரை நேரம் இருந்தது.
5. புதன் கழிந்த ஞாயிற்றுக்கிழமை அவளிடம் சொன்னேன்.
6. மார்ச்சில் அந்த விண்மீன்கள் சூரியனை ஒட்டி மறைந்துவிட்டன.
7. மே மாதம் அவள் வீட்டைக் காலி செய்தாள்.

நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில் ஒன்பது நாட்கள் இருக்கின்றன. இதை எழுதுவது அந்த ஒன்பது நாட்களுக்காகத்தான்.

நான் வேலை செய்வது பெங்களூரில் உள்ள ஓர் ஆய்வு நிறுவனத்தில். அங்கே வாடகை கட்டுப்படியாகாது என்பதால் ஓசூரில் இருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். அவளும் அதே நிறுவனத்தில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தாள். கிருஷ்ணகிரிக்காரி. அவளுடைய அப்பாவுக்கு, அத்தா என்றுதான் கூப்பிடுவாள், அங்கே பழையபேட்டையில் பெயின்ட், குழாய், பூட்டு விற்கும் கடை. நான் சிவகாசிப் பக்கம். முதல் நாள் அத்திப்பள்ளியில் பஸ் நெரிசலில் நின்றபோது என் கையில் இருந்த சிறிய நோட்டைப் பார்த்துவிட்டு அவளாகத்தான் பேச்சுக் கொடுத்தாள். மளிகைச் சாமான் பட்டியலில் நான் வரிசை எண் போட்டிருந்தேன். உப்புக்கும் நம்பரா என்று கேட்டாள். அன்றிலிருந்து நான் அவளுக்கு "லிஸ்ட் மேடம்".

வீட்டுக்காரம்மா கீழே இருந்தார். தெலுங்கில் ஆரம்பித்துக் கன்னடத்தில் போய்த் தமிழில் முடிப்பார். நாங்கள் இருவரும் வானத்தைப் படிக்கிறவர்கள் என்பதை அவர் ஒரே விதமாகத்தான் புரிந்துகொண்டிருந்தார். காலையில் துணி உலர்த்தும்போது மாடியைப் பார்த்து, "ஏம்மா, இன்னிக்கு மழை வருமா?" என்று கேட்பார். அவள் கொஞ்சமும் யோசிக்காமல் வராது ஆன்ட்டி என்பாள். பாதி நாள் துணி நனைந்துவிடும். மறுநாளும் அவளிடம்தான் கேட்பார்.

என் வேலையைச் சொல்ல வேண்டும். தென் அமெரிக்காவில் ஒரு மலையில் பெரிய தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. அதைப் பல நாட்டு ஆய்வுக் குழுக்கள் பகிர்ந்துகொள்கின்றன. அக்டோபர் முதல் மார்ச் வரையிலான எங்கள் தவணையில் ஐந்து குழுக்கள். ஆளுக்கு ஓர் இரவு என்று பிரித்துக்கொடுக்கும் வழக்கம் இதில் இல்லை. தொலைநோக்கி வானத்தில் ஒரு வட்டத்தை நோக்கித் திரும்பும். அந்த வட்டத்துக்குள் நூற்றுக்கணக்கான மெல்லிய கண்ணாடி இழைகள் ஒவ்வொன்றும் ஒரு புள்ளியில் போய் நிற்கும். ஓர் இழை ஒரு குழுவின் விண்மீனிலும் பக்கத்து இழை இன்னொரு குழுவின் விண்மீன்மண்டலத்திலும் இருக்கும். எந்த இரவு எந்த வட்டம், எந்த இழை யாருக்கு என்று முடிவு செய்யும் கணினி நிரலை எழுதிய நான்கு பேரில் நானும் ஒருத்தி. அங்கே இரவு என்றால் இங்கே காலையும் பகலும். மாலை ஆறு மணிக்குள் பட்டியலை அனுப்பிவிட்டு பஸ் ஏறுவேன். மறுநாள் சாப்பாட்டு இடைவேளை முடிந்து வரும்போது என்ன நடந்தது என்று கணினியில் வந்திருக்கும். நான் அந்தத் தொலைநோக்கியை நேரில் பார்த்ததில்லை.

ஐந்தில் நான்கு குழுக்கள் பெரியவை. லட்சக்கணக்கில் பொருட்கள் கேட்பவை. ஐந்தாவது அவளுடையது. அவள், அவளுடைய வழிகாட்டி, வெளிநாட்டில் இரண்டு பேர். சில நூறு விண்மீன்கள், அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொன்றையும் மூன்று முறை பார்க்க வேண்டும். முதல் முறை, அதற்குப் பத்து நாள் கழித்து ஒரு முறை, அதற்கு இரண்டு மூன்று மாதம் கழித்து ஒரு முறை. ஒரு விண்மீனுக்குக் கண்ணுக்குத் தெரியாத துணை இருந்தால் அது இங்குமங்கும் இழுபடும், வேகம் மாறும். ஒரு முறை பார்த்தால் வேகம் தெரியும். இரண்டாம் முறையில் அது மாறியிருப்பது தெரியும். மாற்றம் உண்மைதானா, துணை எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை சுற்றுகிறது என்பதெல்லாம் மூன்றாம் முறையில்தான் பிடிபடத் தொடங்கும். இரண்டு புள்ளி வழியாக எந்தக் கோட்டையும் இழுக்கலாம் என்று அவள் சொல்வாள்.

அவளுடைய முனைவர் பட்டம் அந்த மூன்றாவது பார்வையில்தான் இருந்தது. உதவித்தொகையை ஏற்கெனவே ஒரு வருடம் நீட்டித்துவிட்டார்கள். அந்த மார்ச்சோடு அதுவும் முடிகிறது. இன்னொரு நீட்டிப்பு கிடையாது என்று அலுவலகத்தில் எழுதியே கொடுத்திருந்தார்கள்.

இனி படிவத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு குழுவும் ஒரு கோடு வரைந்து தர வேண்டும். வேலையில் இத்தனை பங்கு முடிந்தால் உங்களுக்கு அது எவ்வளவு பயன் என்பதைச் சொல்லும் கோடு. பெரிய குழுக்களுக்குச் சிரமமே இல்லை. பாதி முடிந்தால் பாதிப் பயன், நேர்கோடு. அவளுக்கு அப்படி இல்லை. மூன்றாவது முறை பார்க்கும்வரை பயன் பூஜ்யம், பார்த்தபின் முழுசு. உண்மையை வரைந்தால் படிக்கட்டு மாதிரி வரும்.

அந்த ஜூன் மாதம் ஒரு மாலை, சமையல் மேடையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அதைத்தான் கேட்டாள். நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"படிக்கட்டு போட்டா உன் ப்ரோகிராம் என்னாடி பண்ணும்?"

"உன்னத் திரும்பியே பாக்காது. முத தடவ பாக்குறதுக்குப் பூஜ்யம்னு போட்டிருக்கல்ல, அப்ப எதுக்குப் பாக்கணும்னு விட்டுரும். அது ஒரு ராத்திரிக்கு மேல யோசிக்காது."

"உன்ன மாதிரி இல்லியா? நீ அடுத்த வருசத்து தீபாவளிக்கே லிஸ்ட் போடுவியே."

"நேர்கோடு போட்டுரு. ஒவ்வொரு பார்வைக்கும் மூணுல ஒரு பங்கு. பாத்துக்கிருவோம்."

அவள் நேர்கோடு போட்டாள்.

நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. நிரல் ஓர் இரவுக்கு மேல் யோசிக்காது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அதைச் சரிசெய்ய வேண்டும் என்பது என் வேலைப் பட்டியலில் பதினான்காவதாக இருந்தது. அதற்கு மேலே பதின்மூன்று அவசரங்கள் இருந்தன. அவற்றில் ஒன்று திரையில் வண்ணங்களை மாற்றுவது.

அக்டோபர், நவம்பரில் எல்லாம் நன்றாகப் போனது. அவளுடைய விண்மீன்கள் முதல் முறை பார்க்கப்பட்டன. பத்து நாள் இடைவெளியில் இரண்டாவது முறையும் பார்க்கப்பட்டன. மதியம் இரண்டு மணிக்கு முடிவுகள் வந்ததும் என் மேசைக்கு வந்து நிற்பாள். சில விண்மீன்களின் வேகம் மாறியிருந்தது. மாறியவற்றுக்கு ஊரில் தெரிந்தவர்களின் உறவுமுறை வைத்துப் பேசுவாள். "இது மாமியார் வீட்டுக்குப் போயிட்டு வந்துருக்குது, பாத்தியா, முகமே மாறிப் போச்சு." அத்தனை மகிழ்ச்சியாக அவளை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் இல்லை.

டிசம்பர் முதல் வாரத்தில், மீதி மாதங்கள் எப்படிப் போகும் என்று பார்ப்பதற்காக நிரலை மார்ச் வரை ஓட்டினேன். வழக்கமான வேலை. ஒரு முறை ஓடி முடிய ஏறக்குறைய இரண்டு நாள் ஆகும். வெள்ளிக்கிழமை மதியம் முடிவு வந்தது. ஐந்து குழுக்களுக்கும் ஐந்து வரிசை. பெரிய நான்கும் நன்றாக இருந்தன. அவளுடைய வரிசையில் முடிந்த பங்கு மூன்றில் இரண்டு என்று இருந்தது. அதுவும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வழக்கத்துக்கு மாறாக அதை விரித்துப் பார்த்தேன். எல்லா விண்மீனுக்கும் இரண்டு. எதற்கும் மூன்று இல்லை.

காரணம் எளிது. அவளுடைய விண்மீன்கள் அந்தப் பருவத்து வானத்தில் அங்கங்கே சிதறிக் கிடப்பவை. ஒரு வட்டத்தில் ஐந்தாறுதான் இருக்கும். பெரிய குழுக்களுக்காகத் தொலைநோக்கி ஒரு வட்டத்துக்குப் போகும்போது அவளும் கூடவே போய்வருவாள். பெரிய குழுக்களுக்கு ஒரு வட்டத்தில் இரண்டு முறை போதும். இரண்டு முடிந்ததும் அவர்கள் அடுத்த வட்டத்துக்குப் போய்விடுவார்கள். ஐந்தாறு விண்மீனுக்காக மட்டும் மூன்றாவது முறை அங்கே திரும்பி வருவது நேர்கோட்டுக் கணக்கில் ஒருபோதும் லாபம் ஆகாது. நான் எழுதிய நிரல் ஐந்து பேரிடமும் நியாயமாக நடந்துகொண்டது. எல்லோருக்கும் பெரும்பங்கு கொடுத்தது. அவளுக்கு அந்தப் பெரும்பங்கால் பயனில்லை.

தவணையின் நடுவில் ஒரே ஒரு முறை படிவங்களைத் திருத்த அனுமதி உண்டு. கடைசி நாள் புதன்கிழமை. அவள் விண்மீன்களின் எண்ணிக்கையைக் குறைத்து, கடைசிப் பார்வையின் மதிப்பை மட்டும் செங்குத்தாக ஏற்றிப் புதுக் கோடு கொடுத்திருந்தால் ஒரு பகுதியாவது தேறியிருக்கும். வெள்ளிக்கிழமை மாலை அவளும் நானும் ஒரே பஸ்ஸில்தான் வந்தோம். சந்தாபுரம் தாண்டும்வரை தூங்கினாள், தலை என் தோளில். நான் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பதற்கு என்னிடம் ஒரு பட்டியல் இருந்தது. ஒன்று, நிரலில் பிழை இருக்கலாம். இரண்டு, நான் கொடுத்த வானிலை அனுமானம் மோசமாக இருக்கலாம். மூன்று, வீணாக அவளைக் கலங்கடிக்கக் கூடாது. சரிபார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று வானிலையை மாற்றி மறுபடி ஓட்டினேன். அது திங்கட்கிழமை மதியம் முடிந்தது, அதே விடை. இழைகளின் ஒதுக்கீட்டு விதியை மாற்றி மூன்றாவது முறை ஓட்டினேன். அது புதன்கிழமை மாலை முடிந்தது. படிவம் அன்று மதியமே மூடிவிட்டது.

வெள்ளிக்கிழமையே எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்ள முடிகிறது. நான் சரிபார்த்துக்கொண்டிருந்தது நிரலை என்றுதான் அப்போது நம்பினேன். நேர்கோடு போட்டுவிடு என்று சொன்ன வாய் என்னுடையது. அது தப்பு என்று சொல்லவும் அதே வாய்தான் வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கெலவரப்பள்ளி அணைக்குப் போகலாம் என்று அவள்தான் கூப்பிட்டாள். என் ஸ்கூட்டரில் போனோம். மதகுக்குக் கீழே ஆற்றில் வழக்கம்போலக் கழிவுநீரின் வெள்ளை நுரை பொங்கிக் கிடந்தது. காற்றில் ஒரு கட்டி நுரை சாலைக்கு ஏறி வந்து ஒரு டிராக்டர் மேல் ஒட்டிக்கொண்டது. அதைப் பார்த்து அவள் சிரித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். முதலில் விடையையும் பிறகு காரணத்தையும் சொன்னேன். அறிக்கை படிப்பது போலத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அவள் நுரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோ ஏறினால் இப்படித்தான், பாதி வழியில் மற்றவர்கள் இறங்கிவிட்டால் நம் ஒருத்திக்காகத் தொழிற்பேட்டையின் கடைசி கேட் வரை வரமாட்டான் என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்த பிறகுதான் அவள் முகம் மாறியது.

"படிவம் திருத்தலாமே. எப்ப கடைசி?"

"புதன்கிழம."

"வர்ற புதனா?"

"போன புதன்."

"நீ எப்ப பாத்த?"

"அதுக்கு முந்தின வெள்ளி."

அவள் துப்பட்டாவை எடுத்துத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, வெயில் ஏறிவிட்டது, போகலாம் என்றாள். திரும்பும்போது ஸ்கூட்டரை அவள் ஓட்டினாள். வழியில் நின்று கீரை வாங்கினாள். வீட்டுக்கு வந்து அதை ஆய்ந்தாள். நான் உதவிக்குப் போனபோது கீரைக்கட்டில் பாதியைப் பிரித்து என் பக்கம் தள்ளினாள்.

அதன் பிறகு செய்ய முடிந்ததையெல்லாம் செய்தோம். ஐந்து குழுக்களும் இணையத்தில் கூடும் மாதாந்திரக் கூட்டத்தில், படிவத்தை இப்போதாவது திருத்தவிடுங்கள் என்று அவள் பேசினாள். நான் என் தவறையும் சேர்த்துச் சொன்னேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். விதியை ஒருவருக்காகத் தளர்த்தினால் மற்றவர்களும் கேட்பார்கள் என்றார் தலைமை தாங்கியவர். அந்த விதியை எழுதும்போது நானும் கூட இருந்தேன். நல்ல விதி என்றுதான் நினைத்தேன். அவளுடைய வழிகாட்டி ஒரு பெரிய குழுவிலும் உறுப்பினர். வருந்தத்தக்க நிலைமை என்று மட்டும் சொல்லிவிட்டு மைக்கை அணைத்துக்கொண்டார். கடைசியில் ஒரு பெரிய குழுவில் இருந்த பெண்மணி தங்கள் பங்கிலிருந்து மூன்று மணி நேரத்தை விட்டுத்தருவதாகச் சொன்னார். அதில் நான்கு வட்டங்களைப் பார்க்கலாம். பிப்ரவரியில் அந்த மூன்று மணி நேரமும் வந்தது. இரண்டு வட்டம் முடிந்ததும் மலையில் காற்று அதிகமாகிக் கூரையை மூடிவிட்டார்கள்.

பதினொரு விண்மீன்கள். அவற்றுக்கு மட்டும் மூன்று பார்வை கிடைத்தது. அவள் அந்தப் பதினொன்றையும் மிகக் கவனமாக ஆராய்ந்தாள். அதில் இரண்டுக்குத்தான் துணை இருப்பது உறுதியானது. முனைவர் பட்டத்துக்கு அது போதாது என்று அவளுடைய ஆய்வை மதிப்பிடும் குழு முடிவு செய்தது. அதற்குக் கீழே ஒரு பட்டம் கொடுத்தார்கள்.

அந்த மாதங்களில் அவள் என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று சொல்வது சுலபம். எனக்கு அது தெரியாது. லிஸ்ட் மேடம் என்று கூப்பிடுவது மட்டும் நின்றுபோனது. மற்றபடி காலையில் எனக்கும் சேர்த்துத்தான் டீ போட்டாள். வீட்டுக்காரம்மா மழை வருமா என்று கேட்டால், தெரியல ஆன்ட்டி என்றாள்.

மே மாதம் அவளுடைய அத்தா சின்ன சரக்கு வண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரியிலிருந்து வந்தார். கடைப் பையில் அரை டஜன் மாம்பழம் எனக்குக் கொண்டுவந்திருந்தார். புத்தகப் பெட்டிகளை இறக்கி வண்டியில் அடுக்கியபின் படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். இந்தப் படிப்பில் என்ன நடந்தது என்று அவருக்கு யாரும் சரியாகச் சொல்லியிருக்கவில்லை. எங்கள் இருவரையும் பொதுவாகப் பார்த்துக் கேட்டார்.

"அந்த நட்சத்திரமெல்லாம் அடுத்த வருசம் வராதாம்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்.

"வரும் அத்தா. டைமுக்கு வந்துரும். எனக்குத்தான் டைம் முடிஞ்சிபோச்சு."

அவர் தலையாட்டினார். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுத்தான் கிளம்பினார். வண்டி முனை திரும்பும்போது அவள் கையை வெளியே நீட்டி ஆட்டினாள். யாருக்கு என்று தெரியவில்லை. கீழே வீட்டுக்காரம்மாவும் நின்றுகொண்டிருந்தார்.

அன்று மாலை பட்டியலில் பதினான்காவதை முதலாவதாக மாற்றி எழுதினேன். அதை முடிக்க எனக்கு ஆறு வாரம் ஆனது. அவ்வளவுதான் ஆனது.

நான்கு மாதம் கழித்து அவள் மறுபடி ஓசூருக்கு வந்தாள். தொழிற்பேட்டையில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில், அளவு பார்க்கும் அறையில் வேலை. என் வீட்டுக்கு வரவில்லை. தொழிற்பேட்டைக்குப் பக்கத்திலேயே ஒரு பெண்கள் விடுதியில் தங்கினாள். ஒரு ஞாயிறு பஸ் ஸ்டாண்டில் எதிர்ப்பட்டோம். டீ குடித்தோம். வேலை எப்படி என்று கேட்டேன். ஏசி அறை, சத்தம் இல்லை, உட்கார்ந்து பார்க்கும் வேலை என்றாள். புதிதாக ஓர் அளவுகருவி வந்தால் அதைச் சோதிக்கும் முறையை விளக்கினாள். பத்து உதிரிபாகம், மூன்று ஆட்கள், ஒவ்வொருவரும் ஒவ்வொன்றையும் மூன்று முறை அளக்க வேண்டும்.

"ரெண்டு தடவ அளந்துட்டு எடுத்துனு போனா ரிப்போர்ட்ட வாங்கவே மாட்டாங்க," என்றாள். சொல்லிவிட்டு டீயைப் பார்த்தாள். அவளுக்கே அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். பஸ் வந்ததும் ஏறிக்கொண்டாள்.

இப்போதைய நிலை இது. நிரல் இப்போது தவணை முழுவதையும் முன்கூட்டிப் பார்க்கிறது. படிக்கட்டுக் கோட்டையும் ஏற்கிறது. படிவம் திருத்தக் கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பே ஒவ்வொரு குழுவுக்கும் அதன் நிலவரம் தானாகப் போய்விடும். என் கை அதில் படாது. புதிய தவணை தொடங்கிவிட்டது. அவளுடைய வட்டங்கள் வானத்தில் திரும்ப வந்திருக்கின்றன, அவற்றை யாரும் கேட்கவில்லை. சில நூறு விண்மீன்களுக்கு இரண்டு அளவுகளும் பதினொன்றுக்கு மூன்றும் யாரும் எடுத்துப் பார்க்கக்கூடிய இடத்தில் இருக்கின்றன. அவள் அளவு அறையில் வேலை செய்கிறாள். நான் அதே மாடி வீட்டில் இருக்கிறேன். அவள் என்னை மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.